கடை வேண்டாம், நகைக் கடனும் வேண்டாம்: கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைக்கும் செங்கோட்டைத் தம்பிக்கு

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 29 வயது. செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். யூடியூப் பார்த்துப் பழகி, நண்பர்களுக்கு நாலைந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தேன், எல்லாம் நன்றாக ஓடுகிறது. வேலையை விடாமல் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் இதையே சைடு பிசினஸாகச் செய்ய ஆசை. கையில் எண்பதாயிரம் இருக்கிறது, மனைவியின் நகையை அடகு வைத்தால் இன்னும் ஒன்றரை லட்சம் புரட்டலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை ஒன்று வாடகைக்கு வருகிறது. கேரளாவில், புனலூரில் இருக்கும் நண்பர் பத்து ஆர்டர் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். எவ்வளவு முதல் போடலாம், ஒரு மெஷினுக்கு எவ்வளவு லாபம் வைக்கலாம், கேரளாவுக்கு விற்றால் ஜிஎஸ்டி வேண்டுமா, முதலாளியிடம் சொல்லலாமா, பெயர்ப் பலகை வைக்கலாமா? வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, முதலில் நகை. அது பீரோவிலேயே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டுக் கடையையும் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். தொழிலே வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகச் செய்யுங்கள், மாதச் சம்பளத்தில் இருப்பவர் சாயங்காலம் உட்கார்ந்து செய்ய நம் பக்கம் இதைவிடத் தோதான வேலை அதிகம் கிடையாது. ஆனால் இரண்டு லட்சத்துக்குச் சரக்கை வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு ஆள் வருவார் என்று காத்திருக்கிற காலம் போய்விட்டது. தென்காசியில் இத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிற நானே இப்போது ராம், எஸ்எஸ்டி எல்லாம் இரண்டு மூன்றுக்கு மேல் கையில் வைத்துக்கொள்வதில்லை.

காரணம் விலை. 2025 கடைசியில் ராம் விலை எப்படி ஏறியது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போக ஆரம்பித்ததும் நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு வருவது குறைந்துவிட்டது. மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில் குரூஷியல் என்ற பெயரில் நடத்திய சில்லறை வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஏறும்போது சரக்கு கையில் இருந்தால் லாபம்தானே என்று கேட்பீர்கள். சரிதான், இறங்கும்போதும் அது உங்கள் கையில்தானே இருக்கும்? கிரிப்டோ மோகத்தில் 2021-ல் கிராபிக்ஸ் கார்டு விலை தாறுமாறாக ஏறி, 2022-ல் மளமளவென்று விழுந்தபோது ஏறின விலைக்கு வாங்கி வைத்தவர்கள் பட்ட பாடு இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒன்று செய்யுங்கள்: யாருக்குக் கொட்டேஷன் கொடுத்தாலும் அடியில் 'இந்த விலை இன்று சாயங்காலம் வரை' என்று எழுதிக் கொடுங்கள். பேச்சோடு விட்டால் பத்து நாள் கழித்து வந்து அதே விலைக்குக் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் ஊர் முழுக்க நீங்கள் வார்த்தை மாறியவர் ஆகிவிடுவீர்கள்.

அடுத்து லாபம். நீங்களே கணக்கு எழுதுகிறவர், ஆனாலும் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு மெஷின். பாகங்களில் உங்களுக்கு நிற்பது, டீலர் விலைக்கே கிடைத்தாலும், இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாங்க வருகிறவர் கையில் போன் இருக்கிறது, நீங்கள் விலை சொல்லி முடிப்பதற்குள் அமேசானில் பார்த்துவிடுவார். அசெம்பிள் கூலி ஆயிரத்தைந்நூறு. ஆக மூவாயிரத்தைந்நூறு. பரவாயில்லையே என்று தோன்றும். மெஷின் போனது புனலூருக்கு. மூன்று வருஷ வாரண்டி காலத்தில் நாலு தடவை கூப்பிடுகிறார், 'சேட்டா, டிஸ்ப்ளே வரலை' என்று. போக வர நூறு கிலோமீட்டர், புளியரை எஸ் வளைவில் லாரி வரிசையில் மாட்டினால் அரை நாள் அங்கேயே போய்விடும், பைக்குக்கு ஒரு தடவைக்கு இருநூற்றைம்பது ரூபாய் பெட்ரோல். நாலு தடவைக்கு ஆயிரம் போக மீதி இரண்டாயிரத்தைந்நூறு, அதற்கு நீங்கள் கொடுத்தது அசெம்பிள் செய்த ஒரு நாளும் நாலு ஞாயிறும். நாளுக்கு ஐந்நூறு. கொத்தனாருக்குக் கையாளாக வருகிறவர்கூட அந்தக் கூலிக்கு வரமாட்டார்.

அமேசானில் கிடைக்கிற சாமானை உங்களிடம் வந்து கேட்கிறார் என்றால், பின்னால் ஏதாவது ஆனால் கேட்க ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். அந்தப் பொறுப்பைத்தான் அவர் வாங்குகிறார், நீங்கள் விலை போட வேண்டியதும் அதற்குத்தான். எவ்வளவு நாளைக்கு, எந்த ஊர் வரைக்கும், எதற்கெல்லாம் என்று எல்லை வகுத்து விலை போடாவிட்டால் மேலே சொன்ன ஐந்நூறு ரூபாய்க் கணக்குதான்.

அதனால் முதல் வருஷம் சாமானே விற்காதீர்கள். கூலி வேலை மட்டும். வருகிறவரிடம் என்ன வேலைக்கு வேண்டும், எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்டு, என்னென்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுங்கள். அவர் தன் பேரிலேயே, தன் காசிலேயே வாங்கட்டும், ஆன்லைனிலோ திருநெல்வேலியிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, எங்கே வேண்டுமானாலும் (நம் ஊரிலிருந்து பொதிகை ரயில் ஏறினால் காலையில் எழும்பூர், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் நடந்து போகிற தூரம்தான்). பில் அவர் பேரில், வாரண்டியும் அவர் பேரில். பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் பொதுவாக மூன்று வருஷம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (பவர் சப்ளை பெட்டி) அதற்கு மேலும் கம்பெனியே தருகிறது. அதை நீங்கள் ஏன் தலையில் தூக்கிச் சுமக்க வேண்டும்? பட்டியல், அசெம்பிள், ராத்திரி முழுக்கச் சோதனை, சாஃப்ட்வேர் ஏற்றுவது எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்தைந்நூறு வாங்குங்கள். அதில் ஆறு மாதம் வரை உங்கள் வீட்டுக்கு மெஷினைக் கொண்டுவந்தால் பார்த்துக் கொடுப்பதும் அடக்கம். வீட்டுக்கு வந்து பார்க்கச் செங்கோட்டை, தென்காசிக்குள் முந்நூறு, ஆரியங்காவு அறுநூறு, புனலூர் என்றால் ஆயிரம். இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கினாலும் போதும். நண்பர்தானே, சொந்தக்காரர்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள், தாள் முக்கியமாக வேண்டியது அவர்களுக்குத்தான்.

பட்டியல் உங்களுடையது என்பதால் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால் பழி உங்கள் மேல் வரும், அது நியாயமும்கூட. டிடிஆர்4 போர்டுக்கு டிடிஆர்5 ராம் வாங்க வைப்பது போன்ற தவறை நீங்கள் செய்யமாட்டீர்கள். கவனிக்க வேண்டியது மற்றவை: கிராபிக்ஸ் கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் போகுமா, போர்டில் இருக்கிற பயாஸ் (மெஷினைத் தொடக்கி வைக்கிற அடிப்படை மென்பொருள்) அந்தப் பிராசஸரை அடையாளம் காணுமா. பழைய சரக்கு போர்டில் புதுப் பிராசஸரைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை வராது, சாமான் டூப்ளிகேட் என்று வாங்கியவர் சண்டைக்கு வருவார், பயாஸை அப்டேட் செய்தால் ஓடும். பென்டிரைவ் வைத்துப் பிராசஸர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றுகிற வசதியுள்ள போர்டாகப் பார்த்துப் பட்டியலில் போட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும். இன்டெல் 13, 14-ம் தலைமுறையில் பெரிய பிராசஸர்கள் வோல்டேஜ் கோளாறால் கெட்டுப்போய், அந்தக் கம்பெனி 2024-ல் அவற்றுக்கு வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டிக்க வேண்டி வந்தது; அதற்கான திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வருகிறது. யாராவது செகண்ட்ஹேண்டில் அந்த வகை ஐ7, ஐ9 கொண்டுவந்தால் பயாஸ் அப்டேட் செய்யாமல் கைவைக்காதீர்கள், அது வரைக்கும் எப்படி ஓடியது என்று எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

யூடியூபில் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போர்டு பெட்டியைத் திறந்ததும், பிராசஸர் உட்காருகிற சாக்கெட்டின் மூடியை எடுத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, நெருக்கத்தில் நாலைந்து போட்டோ எடுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிக்கால்கள் வரிசை வரிசையாக மின்னும், ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் மினுக்கம் மாறித் தெரியும். இன்டெல்லிலும் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டிலும் கால்கள் போர்டில் இருக்கின்றன, பழைய ஏஎம்4-ல் பிராசஸரில். கால் வளைந்தால் வாரண்டி கிடையாது, சர்வீஸ் சென்டரில் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரர் கொடுக்கும்போதே வளைந்திருந்ததா, நீங்கள் வளைத்தீர்களா, வாங்கியவர் வீட்டில் அண்ணன் மகன் திறந்து பார்த்தானா என்று பின்னால் பஞ்சாயத்து பேசி எந்த முடிவுக்கும் வர முடியாது. போட்டோவில் தேதி இருக்கும். பெட்டிகளை ஒட்டுப் பிரிக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், அவர் கண் முன்னால் நீங்கள் பிரியுங்கள்.

அசெம்பிள் முடிந்து விண்டோஸ் ஏறிவிட்டது என்பதற்காக அன்றைக்கே கொடுத்து அனுப்பாதீர்கள். ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் மென்பொருளைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள், காலையில் ஒரே ஒரு பிழை சிவப்பில் நின்றாலும் அந்த ராம் திரும்பிப் போக வேண்டியதுதான். கெட்ட ராம் முதல் நாளே காட்டிக்கொடுக்காது, இரண்டு மாதம் கழித்து டேலி ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்ற புகாராக வரும், அதை உங்களோடு யாரும் முடிச்சுப்போட மாட்டார்கள், நீங்களே போடமாட்டீர்கள்.

இப்போது மலைக்கு அந்தப் பக்கம், கேரளா. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர், அங்கே உறவும் பேச்சும் நமக்குப் புதிதில்லை, வரிச் சட்டத்துக்கு மட்டும் அது வேறு மாநிலம். பொருள் மட்டும் விற்கிறவருக்கு மாநிலத்துக்குள் வருஷ விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், கூலி வேலையும் சேர்த்துச் செய்தால் வரம்பு 20 லட்சம். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் நமக்கு எதற்கு என்று இருக்கிறார்கள். ஆனால் வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால் இந்த வரம்பே பொருந்தாது. ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஆரியங்காவுக்குப் போனாலும் பதிவு கட்டாயம். ஒரு சதவீதம் கட்டினால் போதும் என்று யாராவது சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையைக் காட்டினால் அதுவும் உங்களுக்கு உதவாது, அதில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்கவே கூடாது. அவரே நேரில் வந்து வாங்கிப்போகிறாரே என்றால், பதிவில்லாத வாடிக்கையாளருக்குப் போடும் பில்லில் நீங்கள் எழுதுகிற முகவரி எந்த மாநிலமோ அந்த மாநிலத்து விற்பனையாகத்தான் 2023 அக்டோபரிலிருந்து கணக்கு.

கூலி வேலை அப்படி இல்லை. சேவை மட்டும் செய்கிறவருக்கு வெளி மாநில வாடிக்கையாளரையும் சேர்த்து 20 லட்சம் வரை விலக்கு உண்டு. புனலூர்க்காரர் தன் பேரில் சாமான் வாங்கி, நீங்கள் பூட்டிக் கொடுத்துக் கூலி வாங்கினால் சிக்கல் இல்லை. முதல் வருஷம் சாமான் விற்காதீர்கள் என்று சொன்னதில் இதுவும் ஒரு காரணம். பாதி சாமான் நான் வாங்கித் தருகிறேன், கையில் காசு கொடுங்கள் என்று இடையில் இறங்கினால் மறுபடி விற்பனைக்காரர் ஆகிவிடுவீர்கள். எடுத்துப் போகும்போது வாங்கின பில்களின் நகல் வண்டியில் இருக்கட்டும், ஜிஎஸ்டி பறக்கும் படை நிறுத்தினால் காட்ட வேண்டும். வேலை பெருகி, பதிவு செய்துகொள்ளலாம் என்று தோன்றும்போது ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். பதிவு இருந்தால் ஜிஎஸ்டி பில் கேட்கிற கடைக்காரர்கள், ரப்பர் வியாபாரிகள் உங்களிடம் வருவார்கள், 18 சதவீத வரியை அவர்கள் உள்ளீட்டு வரியாகத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால். அது இரண்டாவது வருஷத்துக் கதை.

மலையோரத்தில் தொழில் செய்கிறவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது, சென்னையில் இருந்து வீடியோ போடுகிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். ஜூன் தொடங்கிச் சாரல் அடிக்கிற மாதங்களில் காற்றில் ஈரம் ஏறிக் கிடக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை இருட்டாக இருக்கும். பாதி நேரம் ராமைக் கழற்றி, அடியில் இருக்கிற பொன்னிறப் பட்டையைப் பிள்ளைகளின் அழிரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு மறுபடி மாட்டினால் சரியாகிவிடும். இதை வாங்கிப்போகிறவருக்கே செய்து காட்டி அனுப்புங்கள், உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகும். இதைச் சொல்லிக் கொடுத்தால் நமக்கு வேலை போய்விடுமே என்று பார்க்கிறவர்களும் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை, இதற்கெல்லாம் மலை ஏறிப் போய்க் காசு வாங்கினால் அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள். அப்புறம் பல்லி. கேபினெட்டின் பின்பக்கம் கார்டு செருகாத ஓட்டைகளின் தகடுகளை எறிந்துவிடாமல் எல்லாவற்றையும் மாட்டுங்கள். சூட்டுக்கு உள்ளே போகிற பல்லி எஸ்எம்பிஎஸ் வரை போய்விடும், போனால் இரண்டும் மிச்சமில்லை.

இதைவிடப் பெரியது இடி. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் மலையில் இடி இறங்குகிறதே, அந்தச் சீசனில் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மெஷின்களில் பெரும்பாலும் ஒரே புகார்: கம்ப்யூட்டர் ஓடுகிறது, இன்டர்நெட் வரவில்லை. பவர் சுவிட்சை அணைத்திருப்பார்கள், லேன் கேபிளைக் கழற்றியிருக்கமாட்டார்கள், அது வழியாக மின்னல் ஏறி போர்டில் இருக்கிற லேன் போர்ட் கருகியிருக்கும். கருகிய போர்டுக்கு வாரண்டி இல்லை. இப்போது வீட்டுக்கு வருகிறது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது என்று தைரியமாக இருக்கிறார்கள். இழையில் வராது, சரி. அந்த மோடத்துக்கு ஒரு பவர் அடாப்டர் இருக்கிறதே, அதிலிருந்து லேன் கேபிள் செம்பில்தானே கம்ப்யூட்டருக்குப் போகிறது? மழை கறுத்தால் இரண்டையும் பிடுங்கச் சொல்லுங்கள். மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே எழுநூறு, எண்ணூறு ரூபாய் லேன் சுவிட்ச் ஒன்றைப் போட்டுவிட்டால் பல நேரம் அது செத்து போர்டைக் காப்பாற்றும், எப்போதும் காப்பாற்றும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் தாளில் 'இடி மின்னல் சேதத்துக்குப் பொறுப்பில்லை' என்ற வரியும் இருக்கட்டும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்று சொன்னால் நீங்கள் பூட்டியதில் தப்பு தேடாதீர்கள், முதலில் அந்த வீட்டு எர்த்தைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்ட இருக்கிற கபாசிட்டர்கள் சிறு கசிவை எர்த்துக்கு அனுப்பும், எர்த் இல்லாத வீட்டில் அந்தக் கசிவு கேபினெட் மேலேயே நிற்கும், மல்டிமீட்டர் வைத்தால் நூறு வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள், இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். யூபிஎஸ்ஸும் அப்படித்தான்: கடையில் விற்கிற 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், கேம் விளையாடுகிற மெஷினை அதில் மாட்டினால் கரண்ட் போன நொடியில் அதுவும் சேர்ந்து போகும், பழி அசெம்பிள் செய்தவர் மேல்.

விண்டோஸ் பற்றி ஒரே பேச்சு: திருட்டு விண்டோஸ் ஏற்றாதீர்கள். தெரிந்தே அப்படிப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி ஏழு நாளிலிருந்து மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கிராக் ஃபைலோடு சேர்ந்து வருகிற வைரஸுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். லைசென்ஸ் விலையைப் பட்டியலிலேயே ஒரு வரியாகப் போடுங்கள். அவ்வளவு முடியாது என்றால் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். நம் பக்கம் லினக்ஸ் என்றால் முகம் சுளிப்பார்கள், மலைக்கு அந்தப் பக்கம் அந்தக் கஷ்டம் இல்லை, கேரள அரசுப் பள்ளிகளில் கைட் என்ற அரசு நிறுவனம் தருகிற லினக்ஸில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டில் அப்பா திணறுவார், பள்ளிக்கூடம் போகிற மகள் ஓட்டிக்காட்டிவிடுவாள்.

இந்த விண்டோஸே உங்களுக்கு நல்ல வாசலையும் திறந்துவிட்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது வேண்டும். செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி என்று எடுத்துக்கொள்ளுங்கள், கமிஷன் கடை, இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை எங்கும் ஆறாம் தலைமுறை ஐ3 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேபினெட், மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போர்டு, பிராசஸர், ராம் மட்டும் மாற்றி, பழைய டேட்டாவைப் பத்திரமாக எடுத்துப் போட்டுக் கொடுக்கிற வேலைக்கு இப்போது ஆள் வேண்டும். கேமிங் மெஷின் கேட்டு வருகிற பையன்களைவிட இவர்கள்தான் உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள். பையன்கள் ஆறு மாதம் உங்கள் நேரத்தை எடுத்து, நாற்பது வாட்ஸ்அப் கேள்வி கேட்டு, கடைசியில் லேப்டாப் வாங்குவார்கள். முதலாளியிடம் சொல்லலாமா என்று கேட்டீர்களே, தாராளமாகச் சொல்லுங்கள், உங்கள் மரக்கடை பில்லிங் கம்ப்யூட்டரும் இந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு வெளியிலிருந்து தெரியவருவதைவிட நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்னால் வேறொரு டிஸ்க்கில் முழு நகல் எடுங்கள், எடுத்ததைத் திறந்து பாருங்கள், ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு அவரிடம் சொல்லி அழியுங்கள். ஸ்டூடியோக்காரர்கள் விஷயத்தில் இது இரண்டு மடங்கு முக்கியம். ஸ்டூடியோ நல்ல வாடிக்கையாளர்தான், பேரம் பேசமாட்டார், சொன்ன சாமானை வாங்குவார். ஆனால் ஆவணி முகூர்த்தத்தில் அவருடைய மெஷின் படுத்தால் (அந்தப் பக்கம் சிங்கம் என்பார்கள், இருவருக்கும் அதுதான் கல்யாண மாதம்) ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் வரும், நீங்கள் காலையில் மரக்கடைக்குப் போக வேண்டியவர். முதல் வருஷம் ஸ்டூடியோ வேலை எடுக்காதீர்கள்.

புனலூர் நண்பரின் பத்து ஆர்டரைப் பற்றி. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். பத்துப் பேரின் பெயரைக் கேட்காதீர்கள், ஒரே ஒருவரை மட்டும் உங்களோடு நேராகப் பேசச் சொல்லுங்கள். அவர் தன் பேரில் சாமான் வாங்கி வந்தால் பூட்டிக் கொடுங்கள், நண்பருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் கூலியிலிருந்து கொடுங்கள், அவர் வழியாகப் பணம் மட்டும் வரக் கூடாது. ஆர்டர் இரண்டுக்கு மேல் ஒரே சமயத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எண்பதாயிரத்தில் இருபதாயிரம் போதும். நல்ல காந்த ஸ்க்ரூ டிரைவர் செட், மல்டிமீட்டர், தெர்மல் பேஸ்ட், பென்டிரைவ் மூன்று நாலு, நகல் எடுக்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், அப்புறம் கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க நன்றாக ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு எஸ்எம்பிஎஸ், டிடிஆர்4-ல் ஒன்று டிடிஆர்5-ல் ஒன்று ராம், ஒரு எஸ்எஸ்டி. இவற்றை யார் கெஞ்சினாலும் விற்காதீர்கள். ராம் விலைக்குப் பயந்தால் பழையதாகவே வாங்கலாம், சோதனைக்குத்தானே. மீதிப் பணம் பேங்கிலேயே இருக்கட்டும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், அரசாங்க இணையதளத்தில் ஆதாரை வைத்து நீங்களே செய்யலாம், அதற்குக் கட்டணமே கிடையாது, ஆயிரம் கொடு இரண்டாயிரம் கொடு என்று யாராவது கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

பெயர்ப் பலகை இப்போது வேண்டாம், பலகை வைத்த வீட்டுக் கதவை எந்நேரமும் தட்டுவார்கள். இந்த வேலைக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணை மட்டும் போட்டு நூறு விசிட்டிங் கார்டு அடியுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்தப் போனை அணைத்துவிடுங்கள்.